கடற்கரையில் சொல்லக் கூடாத பெயர்

லாக்லன் மில்லிகன் 1893 மார்ச்சில், ஸ்காட்லாந்தின் தெற்கே காலவே மேட்டு நிலத்தில், கடல் கண்ணில் படாத ஓர் ஊரில் பிறந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். தகப்பன் இறந்ததும் தாய் அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் மீனவ ஊரான ஸ்கார்ட்டனுக்கு வந்து, ரொட்டிக் கடைக்காரரை மறுமணம் செய்துகொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் மாவு படிந்த சட்டையோடு வந்ததால் அவனுக்கு 'மாவு' என்று பெயர் விழுந்தது.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆண் கிடையாது. ஃபிளெட், ஸ்லேட்டர், மேர் என்று மூன்றே குடும்பப் பெயர்கள். ஒரே படகில் மூன்று ஜேம்ஸ் ஃபிளெட் இருப்பார்கள். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நானும் ஆட்களைப் பட்டப்பெயரோடுதான் பதிந்தேன். ஆனால் லாக்லனின் பட்டப்பெயருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மில்லிகன் என்ற பெயரை எங்கள் மீனவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். காதில் விழுந்தால் பக்கத்திலுள்ள இரும்பைத் தொடுவார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார்கள். முன்னொரு காலத்தில் அந்தப் பெயருள்ளவன் ஏறிய படகு திரும்பவில்லை என்றார்கள். எந்தப் படகு, எந்த வருடம் என்று பலமுறை விசாரித்திருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை.

சாலமன் ஃபிளெட் தைரியசாலி. பெயரைச் சொல்லாதவரை குற்றமில்லை என்று லாக்லனைத் தன் நீராவிப் படகான மார்னிங் ஸ்டாரில் சேர்த்துக்கொண்டார். லாக்லன் அதில் பதினாறு வருடம் வலை இழுத்தான்.

1934 ஆகஸ்ட் 20, திங்கட்கிழமை. மதியம் மற்றப் படகுகள் எல்லாம் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போய்விட்டன. கொதிகலனில் ஏதோ கோளாறு என்று மார்னிங் ஸ்டார் மட்டும் பின்தங்கியிருந்தது. அது புறப்படும் நேரத்தை எழுத நான் துறைமேடையில் நின்றேன். முன்கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது, பின்கயிறு மட்டும் பாக்கி. அப்போது பேருந்திலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் கையில் தோல் பையோடு வேகமாக வந்தாள். கனடாவில் பள்ளி ஆசிரியை. தன் குடும்பப் பெயரின் வேரைத் தேடி அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவள். ரொட்டிக் கடையில் விசாரித்திருக்கிறாள். வேலைக்குப் புதிதாக வந்த பெண் துறைமுகத்தைக் காட்டிவிட்டாள்.

"இந்தப் படகுல மில்லிகன்னு யாராவது இருக்கீங்களா? லாக்லன் மில்லிகன்?"

படகில் ஒவ்வொரு கையும் ஏதோ ஓர் இரும்பைத் தேடிப் போனதைப் பார்த்தேன். லாக்லனின் கையும் போனது.

வழக்கப்படி படகைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடை முழுக்க வலை வெறுமையாக வந்துகொண்டிருந்தது. இன்னோர் இரவை இழக்க யாருக்கும் மனமில்லை. சாலமன் படகின் துணைத் தலைவனோடு ஏதோ பேசினார். பிறகு லாக்லனிடம் வந்தார்.

"நீ இறங்கிக்கடா மாவு. பேரு கரையோட இருக்கட்டும். நாளைக்கு வந்து பேசிக்கலாம்."

அவன் இறங்கினான். மாலை நான்கு மணிக்கெல்லாம் வடகிழக்கில் வானம் கறுத்தது.

இதற்குப் பிறகு நான் பார்க்காததையெல்லாம் லாக்லனின் மனைவி எல்ஸ்பெத் எனக்குச் சொன்னாள். ஊரில் யாரும் இடம் கொடுக்காததால் அந்தக் கனடா அம்மாளை அவர்களே வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக, வலை அறுந்தும் பாய்மரம் முறிந்தும் வந்து சேர்ந்தன. மார்னிங் ஸ்டாரை யாரும் பார்க்கவில்லை. அதில் இருந்தவர்கள் ஒன்பது பேர். லாக்லன் இருந்திருந்தால் பத்து. பெண்கள் துறைமேடைச் சுவரோரம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். லாக்லன் அங்கே போனான். அவன் நின்ற பக்கத்திலிருந்து அவர்கள் மெல்ல விலகி நின்றதை என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டான். தண்ணீர்க் குழாயடியில் துணைத் தலைவனின் மனைவி பெல்லா, எல்ஸ்பெத்தின் வாளியைப் பார்த்துச் சொன்னாள்: "உன் வீட்டு ஆளு காஞ்ச சட்டையோட உக்காந்திருக்கான். கொடுத்து வச்சவடி நீ."

எல்ஸ்பெத் வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். ஆனால் படகு வராவிட்டால் இந்த ஊரில் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று அந்தக் குழாயடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் லாக்லனுக்கு அதைவிடப் பெரிய பயம். ஊர் சொல்வது உண்மையாக இருந்தால்? தன்னோடு பதினாறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்களைத் தன் பெயரே கொன்றிருந்தால்?

அன்று மதியம், காற்று கூரைப் பலகையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கையில், அந்த அம்மாள் தான் சேர்த்த தாள்களை மேசையில் விரித்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அயர்லாந்தின் டோனெகலில் மில்லிகன்கள் ஆளி நூல் நெய்தவர்கள். காலவேயில் அதே பெயர்க்காரர்கள் சாந்து இல்லாமல் கல்லடுக்கிச் சுவர் கட்டினார்கள். நடுவில் குறுகலான கடல். உருளைக்கிழங்கு தோண்ட இந்தப் பக்கம் வந்தவன் இங்கேயே பெண் எடுத்துக்கொண்டான், கடனுக்குப் பயந்து அந்தப் பக்கம் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். முதலில் எந்தக் கரை என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்றாள். ஐந்து தலைமுறை வரை வைத்திருந்தாள்.

லாக்லன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "இதுல கடல்ல செத்தவங்க எத்தனை பேரும்மா?"

அவள் தாள்களை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். நெசவாளிகள், சுவர் கட்டுபவர்கள், ஒரு குழிவெட்டி. படகோட்டி ஒருவன்கூட இல்லை.

"ஒருத்தரும் இல்லைங்க."

"அப்ப எங்க மேல கடலுக்கு என்னதான் கோபம்?" என்றான். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். இரவும் அப்படியே இருந்ததாக எல்ஸ்பெத் சொன்னாள்.

புதன்கிழமை முற்பகல் மார்னிங் ஸ்டார் வந்தது. அதன் முன்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து வருவதைப் பார்த்து ஓட்டை விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஓட்டை இல்லை, மீன். புயலுக்கு ஒதுங்கி வடக்கே பாறைகளின் மறைவில் கிடந்தவர்கள், காற்று தணிந்ததும் அங்கேயே வலையை விட்டிருக்கிறார்கள். மேல்தளத்தில் முழங்கால் அளவுக்கு ஹெர்ரிங். என் பணிக்காலத்தில் ஸ்கார்ட்டனில் ஒரு படகு அவ்வளவு மீன் இறக்கி நான் எழுதியதில்லை.

லாக்லன் ஓடிவந்தான். ஒன்பது பேரையும் விரலால் எண்ணினான். படகுக் கயிறு கட்டும் கட்டையில் உட்கார்ந்து அழுதான். பெல்லாகூட அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் இறங்கிய சாலமன், லாக்லனின் உமிமெத்தையையும் தண்ணீர் புகாத எண்ணெய்ச் சட்டையையும் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். அவற்றை ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"கோபமில்லடா மாவு. நீ நல்ல ஆளு. இந்த மாதிரி மீன் எங்களுக்கு என்னைக்குமே பட்டதில்லை. நீ இல்லாததாலதான்னு பசங்க பேசிக்கிறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம், சாலமன்," என்றான் லாக்லன்.

வேறெந்தப் படகும் அவனை ஏற்றவில்லை. மீன் உப்பிடும் கொட்டகையில் பீப்பாய் உருட்டினான். அந்தப் பயணத்துக்குப் பிறகு மார்னிங் ஸ்டாரின் வலை பழையபடியே ஆகிவிட்டது. அதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. அந்தப் படகு தாமதமாகும் நாட்களில் அவன் முகம் சாம்பலாகிவிடும். ஊர்க்காரர்கள் இரக்கப்பட்டார்கள், இன்னும் பழைய பாசம் என்றார்கள்.

அடுத்த மே மாதம் வீட்டை ஒழித்துக்கொண்டு இருவரும் காலவேக்கே போனார்கள். அங்கே கல்சுவர் கட்டும் வேலை கிடைத்தது. புறப்படும் நாளில் சாமான் வண்டியருகே நின்று ஏன் போகிறீர்கள் என்று எல்ஸ்பெத்திடம் கேட்டேன். அவன் காதில் விழாதபடி சொன்னாள்.

"போன வாரம் படகு லேட்டாச்சில்ல? அன்னிக்கு என் கையப் பிடிச்சிக்கிட்டு சொன்னாரு: 'அவங்க வரக் கூடாதுன்னு என்னைக்காவது ஒரு நாள் நானே நெனச்சிடுவேன் எல்ஸ்பெத். அந்த நெனப்புக்குக் கிட்டத்துல வந்துட்டேன். என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடு.'"