ஹீரோ மாறிப்போன இரண்டாம் பாகம்

வெளிநாட்டு ஆக்‌ஷன் படங்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுவது என் தொழில். ரெக்கார்டிங் சென்னையில், வீடு ஆரணியில். கூலிக்குக் கொலை செய்கிறவர்களைப் பற்றிய ஒரு படத்துக்கு எழுதினேன், ஓகோவென்று ஓடியது. அதன் இரண்டாம் பாகம் வந்தபோதுதான் எனக்குச் சனி பிடித்தது.

தியேட்டருக்கே வராமல் நேரே வீடியோவுக்கு வந்த படம். பழைய ஹீரோ கழன்றுகொண்டார். அவருக்குப் பதில் எவனோ ஒருவன், பாதிப் படம் கேமராவுக்கு முதுகைக் காட்டியே நிற்கிறான். முதல் பாகத்தில் ஓடும் ரயில் மேல் சண்டை. இதில் மொத்தமும் ஒரே குடோன். ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் வரும், ஹெலிகாப்டர் வராது.

டப்பிங் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். "இத்த எப்டியாச்சும் தேத்துங்க. க்யூசில திரும்பி வந்துச்சுன்னா அடுத்த படத்துக்கு வேற ரைட்டர்தாங்க." க்யூசி என்றால் படத்தை வாங்கிய கம்பெனியின் சரிபார்ப்பு. பதினெட்டு வருஷத் தொழில் போய் அந்தக் குடோனில் மாட்டிக்கொண்டது.

உள்ளதை உள்ளபடி எழுதி, பழைய ஹீரோவுக்குக் குரல் கொடுத்த அதே நண்பரை வைத்து ரஃபாக டப் செய்தேன். பிறகு ஒரு காரியம் செய்தேன், வெளிவராத படத்தை வைத்துச் செய்யக்கூடாதுதான். அக்கா வீட்டுத் தறிக்கூடத்தில் லேப்டாப்பை டிவியில் மாட்டிப் படத்தைப் போட்டேன்.

அக்காவும் மாமாவும் ஆளுக்கொரு தறியில் இருந்தார்கள். பட்டு நெய்கிறவர்கள் டிவியைப் பார்ப்பதில்லை, கேட்பார்கள். கண் ஜரிகையை விட்டு நகராது. பேச்சு ஓடியவரை, இழையைக் குறுக்கே கொண்டுபோகிற அவர்கள் நாடாவும் ஓடியது. ஹீரோ முதுகைக் காட்டிக்கொண்டு மௌனமாக நின்ற இடத்தில், டிவி நின்றுவிட்டதோ என்று மாமா நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து அவன் திரும்பித் தொலைத்தான்.

"யாரு மாப்ள இவன்? நம்மாளு எங்க?"

ஹீரோவை மாற்றிவிட்டார்கள் என்றேன்.

"அப்ப நிறுத்து. பேஜாரா கீது."

எனக்குக் கோபம் வரவில்லை, குஷி பிறந்துவிட்டது. சத்தம் நின்றால்தானே நிமிர்கிறார்கள்? முதுகு தெரிகிற இடத்தில் உதட்டசைவுக்குப் பொருத்துகிற லிப் சிங்க் தொல்லையும் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து, அவன் முதுகைக் காட்டிய இடத்திலெல்லாம் பேசவைத்தேன். துப்பாக்கியைத் துடைத்தபடி இடுப்புவலியைப் பற்றிப் புலம்பினான். சுடப்போகிற ஆளிடம் சாப்பிட்டாச்சா என்று விசாரித்தான். குரல் கொடுத்த நண்பர் சிரித்துச் சிரித்தே நாலு டேக்கைக் கெடுத்தார்.

க்யூசி மேடம் போனில் வந்தார். "ஒரிஜினல்ல இந்த எடத்துல டயலாக்கே இல்லீங்களே?"

பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "ஒரிஜினல்ல கதையும் இல்லீங்களே மேடம்."

ஒழிந்தோம் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. படம் பாஸ்.

நெட்டில் படத்தைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். படம் ஓடும்போது உங்கள் ஜனங்கள் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருதரம் நேரில் போய்ப் பாருங்கள். எனக்கு அது பதினெட்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

படம் வெளியான அன்று மறுபடி அக்கா வீட்டில் போட்டேன். முடிகிறவரை இரண்டு தறியும் நிற்கவில்லை, ஒரு தலையும் நிமிரவில்லை. கடைசியில் மாமா நாடாவை வைத்துவிட்டுச் சோம்பல் முறித்தார்.

"பரவால்லியே மாப்ள. அன்னிக்கு நான் சொன்னதும் பழைய ஆளையே கூட்டாந்துட்டானுங்க போல."

"ஆமா மாமா" என்றேன்.