தவக்காலத்து ஓபெரா

மாமி தொலைக்காட்சியின் வயரைக் கழற்றி, அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துவிட்டால் எங்கள் வீட்டில் தவக்காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விபூதிப் புதனன்று கோயிலால் வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு அதைச் செய்துவிடுவார். அதற்குப் பிறகு உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நாடகம் இல்லை, சினிமாப் பாட்டு இல்லை, இறைச்சி இல்லை. அறைக்குள் இருந்த என்னுடைய சீடி பிளேயரைப் பற்றி மாத்திரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பிளேயரும் ஒரு பெட்டி நிறைய சீடிகளும் எனக்குக் கிடைத்தது கலியாணத்துக்கு முன். அப்போது மன்னார் நகரத்தில் ஒரு உதவி நிறுவனத்தின் கந்தோரில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஒல்லாந்துப் பெண்மணி வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, பாரம் கூடிவிட்டது என்று அவற்றை என்னிடம் தந்துவிட்டுப் போனார். எல்லாம் ஓபெரா. முதல் சீடியைப் போட்டபோது, இவ்வளவு சத்தமாக அழுகிற ஒரு பெண்ணை எப்படி ஒரு மணித்தியாலம் கேட்பது என்றுதான் நினைத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படித்து நான்காம் தரம் வரை பரீட்சை எடுத்தவள். எங்கள் சங்கீதத்தில் குரல் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். இவர்களோ ஒரே மூச்சில் மேலே ஏறி, அங்கேயே நின்றுகொள்கிறார்கள். எப்போது விழுவார்கள் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். விழமாட்டார்கள். அந்த நிம்மதிக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினேன். எதற்கும் பயப்படுகிற என்னைப் போன்றவளுக்கு, விழாமல் நிற்கிற ஒன்றைக் கேட்பது பெரிய ஆறுதல்.

பெட்டிக்குள் ஆங்கிலத்தில் கதைச் சுருக்கம் போட்ட சின்னப் புத்தகங்களும் இருந்தன. அவற்றை வாசித்துத்தான் யார் எதற்காக அழுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் அழக்கூடாத காரணங்களுக்காகத்தான் அழுதார்கள்.

மகள் பிறந்த பிறகு காலையில் கர்நாடகம், மத்தியானம் ஓபெரா என்றாகிவிட்டது. அது நான் போட்ட சட்டமில்லை, அவள் போட்டது. ஆலாபனை கேட்டால் கண்ணை அகல விரித்துக் காலை உதைப்பாள். ஓபெரா கேட்டால் கால் மணித்தியாலத்தில் தூங்கிவிடுவாள். இது அவளுடைய காதுக்குக் கூடாதோ என்று மூன்று தடவை மருத்துவமாதுவிடம் கேட்டேன். மூன்றாவது தடவை அவர், “பிள்ளைக்கு ஒண்டுமில்லை. அம்மாதான் கொஞ்சம் நித்திரை கொள்ள வேணும்,” என்றார். வீட்டுக்கு வந்து, அவர் என்னை ஏசினாரா, என்னில் இரக்கப்பட்டாரா என்று பின்னேரம் முழுக்க யோசித்தேன்.

விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் நான் பிளேயரைத் தொடவில்லை. மகள் இரண்டு மணிக்கு அழத் தொடங்கினாள். மடியில் போட்டு ஆட்டினேன், தோளில் போட்டு நடந்தேன், முற்றத்துக்குக் கொண்டுபோய் வேலியோரம் நின்ற கழுதைகளைக் காட்டினேன். மூன்று மணியாகியும் அழுகை நிற்கவில்லை. மாமி அறை வாசலுக்கு வந்தார்.

“பிள்ளை, அந்த லத்தீன் பாட்டைப் போடுமன்.”

“எந்தப் பாட்டு மாமி?”

“அதுதான், நெடுக ஒரு மனுசி இழுத்து இழுத்துப் படிக்குமே. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க கோயில்ல பூசை முழுக்க லத்தீன்தான். பூசை வைக்கிற சுவாமியார் அங்கால பாத்துக்கொண்டு படிப்பார், ஒண்டும் விளங்காது, ஆனா அழுகை வரும். உது பூசைப் பாட்டுத்தானே. தபசுகாலத்துக்கு இதைவிட என்ன வேணும்?”

அந்தச் சீடியில் பாடுகிறவள் ஒரு பிரபுவின் மனைவி. புருஷன் வெளியூர் போயிருக்கும் நேரத்தில், அவனுடைய சிநேகிதன் வருவானா என்று காத்திருந்து பாடுகிறாள். மொழி இத்தாலியன். இதை அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். நான், “ஓம் மாமி,” என்று சொல்லிப் பட்டனை அமத்தினேன்.

ஒரு “ஓம்”தான். ஆனால் மாமி கட்டிலின் கரையில் வந்து உட்கார்ந்து கேட்டார். எங்கள் வட்டாரத்தில் பசாம் படிப்பதற்கு அவரை விட்டால் ஆளில்லை. யேசுவின் பாடுகளைச் சொல்லி ஒப்பாரி மாதிரி இழுத்துப் படிக்கிற அந்தப் பாட்டுக்கு நல்ல மூச்சு வேண்டும். மாமி கண்ணை மூடிக்கொண்டு, பாடகி எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று விரலால் மடியில் தட்டித் தட்டிக் கணக்குப் பார்த்தார். “எடுக்கிறாளில்லை பார்,” என்றார். “இன்னும் எடுக்கேல்ல... இன்னும்... இப்பதான். அப்பாடி!” மகள் எப்போதோ தூங்கிவிட்டாள். சீடி முடிந்த பிறகுதான் மாமி எழும்பினார்.

அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் நான் செய்த சொதியில் உப்புக் கூடிவிடும், நான் உலர்த்திய உடுப்புக்கு வெயில் காணாது. மாமி சிடுசிடுப்பானவர் அல்ல, எல்லாவற்றையும் ஒரு சொட்டுத் திருத்தாமல் விடமாட்டார், அவ்வளவுதான். திருத்தாமல் அவர் எடுத்துக்கொண்ட முதல் பொருள் இந்தப் பாட்டு. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் எனக்கு முன்னமே வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று கிழமை இப்படிப் போனது. நாலாம் கிழமை வியாழக்கிழமை எங்கள் வீட்டில் செபம். தவக்காலத்தில் வாரம் ஒரு வீடாக வட்டாரத்துச் சனம் கூடிச் செபம் சொல்லிப் பசாம் படிப்பது வழக்கம். திங்கட்கிழமை பக்கத்து வீட்டு அன்ரியிடம் மாமி வேலிக்கு மேலால் சொல்லிக்கொண்டிருந்தது குசினி வரைக்கும் கேட்டது.

“இந்த முறை சனம் வந்து இருக்கும்வரைக்கும் எங்கட பிள்ளையின்ர லத்தீன் பாட்டைப் போடப் போறம். கேட்டுப் பாருங்கோ, உருகிப் போவீங்கள்.”

“ஐயோ நல்லது அக்கா. என்ர மூத்தவனும் வாறான். ஒம்பது வருசத்துக்குப் பிறகு இத்தாலியால லீவில வந்து நிக்கிறான். அவனுக்கும் உதுகள் பிடிக்கும்.”

என் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது. ஒன்பது வருடம் இத்தாலியில் இருந்தவன், சிலுவைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு, கள்ளப் புருஷனைக் கூப்பிடுகிற பாட்டைக் கேட்கப் போகிறான். அவன் சிரிப்பான், அல்லது தாயின் காதுக்குள் சொல்வான். அதற்குப் பிறகு மாமி எப்படி அந்தச் சனத்துக்கு முன்னால் பசாம் படிப்பார்?

என் கணவர் முருங்கனில் வங்கி வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்தவுடன் எல்லாவற்றையும் சொன்னேன். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் சிரித்தார்.

“உமக்கென்ன விசரே? அவன் அங்க கிழவரைக் குளிப்பாட்டிக் கஞ்சி குடுக்கிற வேலை. பாட்டுக் கச்சேரிக்கே போயிருக்கப் போறான்?”

“மொழி விளங்கும்தானே.”

“அப்ப பிளேயர் பழுது எண்டு சொல்லிவிடும்.”

“இன்னொரு பொய்யா?”

“அப்ப உண்மையைச் சொல்லும்.”

“உங்கட அம்மாட்ட நீங்கள் சொல்லுங்கோவன்.”

“நானோ? எனக்கு நாளைக்கு வங்கியில கணக்கு ஒடிட் இருக்கு,” என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டார். ஒடிட் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைக் கட்டிலில் கொட்டித் தேடினேன். அடியில் ஒரு சீடி உண்மையாகவே லத்தீன் பூசை. பாடகர் குழு, ஆணும் பெண்ணும், ஓர்கன் சத்தத்தோடு. என் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மாமி சொன்னது அப்படியே உண்மையாகிவிடும், நானும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணிக்கு அதைப் போட்டேன். மாமி வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். அரை நிமிடம் கூட ஆகவில்லை.

“இது ஆர்?”

“இதுவும் லத்தீன்தான் மாமி.”

“அது சரி. அந்த மனுசி எங்க?”

“இதில எல்லாரும் சேர்ந்து படிக்கினம்.”

“சேர்ந்து படிச்சா ஆர் மூச்சு விட்டது, ஆர் விடேல்ல எண்டு தெரியாது. களவு செய்யலாம். அவளைப் போடும்.”

மகளும் அவர் பக்கம்தான். தூங்கவில்லை. திரும்பவும் அந்த மனுசியின் சீடியையே போட்டேன்.

புதன்கிழமை காலையில் மாமி குசினி வாசலில் இருந்து சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொப்பை எடுத்தேன். காம்பும் இலையுமாக உருவிப் போட்டுக்கொண்டே, அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அது லத்தீன் இல்லை, இத்தாலியன். பூசை இல்லை, நாடகம். படிக்கிறவள் கன்னியாஸ்திரி இல்லை, கலியாணமானவள். காத்திருப்பது கடவுளுக்கு இல்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், பிள்ளை அழுததால் சொல்லவில்லை, பிறகு உங்களுக்குப் பிடித்துவிட்டதால் சொல்லவில்லை.

மாமி நான் போட்ட இலைக்குள்ளிருந்து காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எறிந்தார். பிறகு எழும்பிக் கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கப் போனார். அது காயவே இல்லை. ஈரத்தோடு எடுத்துக்கொண்டு வந்து, திரும்பக் கொண்டுபோய்ப் போட்டார். இனி இந்த வீட்டில் பாட்டும் இல்லை, அதைவிட, கட்டிலின் கரையில் வந்து உட்காரவும் ஆளில்லை என்று நினைத்தேன்.

திரும்பி வந்து சுளகுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“புருஷன் எங்க போனவன்?”

“ஆர் மாமி?”

“அவளின்ர புருஷன்தான்.”

“வேட்டைக்கு.”

“எத்தின நாளைக்கு?”

“அது... புத்தகத்தில போடேல்ல.”

“இப்பிடி ஒரு பெண்சாதியை விட்டிட்டு மிருகத்துக்குப் பின்னால போனவனைத்தான் முதல்ல ஏச வேணும்.” இன்னும் இரண்டு காம்பு பொறுக்கினார். “ஆனா நீர் செய்தது பிழை.”

“ஓம் மாமி.”

“சனத்துக்கு முன்னால அந்த இத்தாலிக்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பான்.”

“ஓம் மாமி.”

“ஓம் ஓம் எண்டுதான் இவ்வளவும் வந்தது,” என்றார். அதற்கும் ஓம் சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டேன்.

வியாழன் பின்னேரம் சனம் வந்தது. பாய்கள் விரித்து, வயதானவர்களுக்குக் கதிரை போட்டிருந்தோம். பக்கத்து வீட்டு அன்ரி மகனோடு முன் வரிசையில் இருந்தார். “அக்கா, எங்க லத்தீன் பாட்டு?” என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். பிழை என்னுடையது, நான்தான் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு காலை எடுத்தும் வைத்தேன்.

மாமி முந்திக்கொண்டார். “அது லத்தீன் இல்லையாம். இத்தாலி நாடகப் பாட்டு. எனக்கு விளங்கேல்ல, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். தபசு முடிஞ்சு பாஸ்காவுக்குப் பிறகு வாங்கோ, போட்டுக் காட்டிறன். நல்லாத்தான் படிக்கிறாள்.”

என் பெயர் அதில் வரவே இல்லை. யாரோ சிரித்தார்கள், மாமியும் சேர்ந்து சிரித்தார். இத்தாலிக்கார மகன் எழும்பி, “அன்ரி, நான் ஒம்பது வருசம் இருந்தனான், உந்த ஓபெராவில ஒரு வரி எனக்கு விளங்காது. நான் பாக்கிற கிழவர் போட்டா நான் காதில பஞ்சு வைக்கிறனான்,” என்றான். இந்த மனிதனுக்குத்தான் நான் மூன்று நாளாகப் பயந்திருந்தேன். பிறகு மாமி பசாம் படித்தார். ஒரு வரி முடிவில், வழக்கமாக மூச்சு எடுக்கிற இடத்தில் எடுக்காமல், அடுத்த வரிக்குள்ளும் இழுத்துக்கொண்டு போனார். கதிரையில் இருந்த கிழவி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அதை மாமி எங்கே பழகினார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மகள் அழத் தொடங்கினாள். நான் மாமியைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்.

“பிள்ளைக்கு அது மருந்து. மருந்துக்குத் தபசு இல்லை. போடலாம். ஆனா நீர் கேக்கக் கூடாது. பாஸ்கா வரைக்கும் அதுதான் உம்மட ஒறுத்தல்.”

“நான் எங்க போறது மாமி?”

“குசினிக்குப் போம். நான் பிள்ளையோட இருக்கிறன்.”

நியாயமான தீர்ப்பு. நான் சீடியைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை, மேலே ஒரு முழம் இடைவெளி உண்டு. அதனால் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். உண்மையாகவே கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலால் மாமியின் குரல் வந்தது.

“பிள்ளை! இப்ப என்ன சொல்லுறாள்?”

“தெரியாது மாமி! நான் கேக்கேல்ல!”

“ஏன் கத்துறாள்? அவன் வந்திட்டானோ?”

“கேட்டாத்தானே மாமி சொல்லலாம்!”

உள்ளே பாடகி ஒரே மூச்சில் மேலே ஏறி நின்றுகொண்டிருந்தாள். மாமி அவளுடைய மூச்சு முடியும்வரை யோசித்திருக்க வேண்டும்.

“பைப்பைப் பூட்டிப்போட்டு, இதை மட்டும் கேட்டுச் சொல்லும்,” என்றார்.