கசோவாவில் நான் சாப்பிடக் கூப்பிட்டவள்

நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் கணவரே நம்பவில்லை. "தனியா இருந்து இருந்து உனக்கு மூளை குழம்பிப் போச்சு, முலெங்கா" என்றார் போனில். அவர் இருப்பது சாம்பியாவில், அம்மா சமைத்துப் போடும் சாப்பாட்டோடு. அவருக்கென்ன, சொல்வார். கசோவாவில் அந்த வீட்டில் இருந்தவள் நான்.

அக்ராவில் வேலை கிடைத்துத்தான் கானாவுக்கு வந்தேன். அங்கே வாடகையை வருடக்கணக்கில் முன்கூட்டியே கேட்பார்கள். அதனால் என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரிகள் நகருக்கு வெளியே கசோவாவில் வந்து விழுவோம். விடியும் முன் ட்ரோட்ரோ வேனில் நசுங்கிக்கொண்டு போக வேண்டும். இருட்டும் நேரத்தில் அதே மாதிரி நசுங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். என் தெருவில் பாதி வீடுகள் கூரை இல்லாமல் நின்றன. வீட்டுக்கு வலப்பக்கமும் அப்படி ஒரு மனைதான். இடப்பக்கம் வெறும் புல். பேச ஆள் கிடையாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரங்களோடு பேசியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், அந்தத் தனிமை உங்களுக்கு வந்தால் தெரியும்.

கானாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடும்போது யார் எதிரே வந்தாலும் "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் வளர்த்த லட்சணம் என்பார்கள். தெரியாதவராக இருந்தால் "நன்றி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். உண்மையில் வந்து உட்கார மாட்டார். அலுவலகத்தில் இதைப் பழகிக்கொண்டேன், ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் வீட்டில் யாரைக் கூப்பிடுவது?

அது ஜனவரி மாதம். ஹார்மட்டான் காற்று அடித்து ஊரெல்லாம் புழுதி. மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. தெருமுனையில் அரபா அக்காவிடம் கென்கே வாங்கப் போனேன். அந்தப் புளித்த சோள உருண்டைதான் தினமும் என் இரவுச் சாப்பாடு.

"என்ன சாம்பியா, இன்னிக்கும் ஒரு உருண்டைதானா? புருஷனைக் கூட்டிட்டு வந்து ரெண்டா வாங்கு."

"அவரு வந்தா நாலு வாங்கணும்க்கா."

"அப்ப சீக்கிரம் வரச் சொல்லு. என் வியாபாரமாவது உருப்படும்."

அன்றைக்கு இருட்டும் முன் நான் கேட்ட மனிதக் குரல் அதுதான் கடைசி. வீட்டுக்கு வந்து கேட்டைப் பூட்டினேன். சாவியை உள்ளே ஆணியில் மாட்டினேன். ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது. தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன்.

அப்போது தெருவில் ஒரு பெண் போனாள். தலையில் பேசின். கேட் கம்பிகளுக்கு வெளியே மெதுவாகப் போனாள். இருட்டில் முகம் தெரியவில்லை. ஆசையில் என் வாய் முந்திக்கொண்டது.

"வாங்க, சாப்பிடலாம்!"

அவள் நின்றாள்.

"நத்தோத்தெலா" என்றாள்.

நன்றி என்றுதான் அர்த்தம். ஆனால் அது பெம்பா. என் தாய்மொழி. இந்த ஊரில் அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, நீங்க நம்ம ஊரா?" என்று பெம்பாவிலேயே கத்திக்கொண்டு எழுந்தேன். சாவி எடுக்க உள்ளே திரும்பினேன்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அந்தக் கேட் திறந்தால் கிறீச்சென்று தெருவுக்கே கேட்கும். சத்தமே வரவில்லை...

சுவர் ஏறி வந்திருப்பாள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அப்படி. தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் இடது கையை நீட்டி எடுத்தாள். எங்கள் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, சாப்பாட்டில் யாரும் இடது கை வைக்க மாட்டார்கள்.

கீழே பார்த்தேன். அவளுக்கு முழங்கால் வரை சிவப்புச் சேறு. ஈரச் சேறு. சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்...

மழையே இல்லாத மாதத்தில்.

"தனியாவா இருக்கே?" என்றாள், பெம்பாவில்.

"ஆமாக்கா."

"என்னோட வா. அங்க நம்மாளுங்க நெறைய பேர் இருக்காங்க."

பயந்திருக்க வேண்டும். ஆனால் நான் எழுந்தேன். நிறைய பேர் என்றாளே... அது போதும் எனக்கு.

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால்.

சொட்... சொட்...

"இன்னும் ஒரு எட்டு" என்றாள்.

காலைத் தூக்கினேன்.

"ஏஏஏஏய்!"

கரண்ட் வந்துவிட்டது. வந்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் கத்துவார்கள். திடுக்கிட்டுத் திரும்பினேன். என் வராந்தா விளக்கு தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் எரிந்தது.

நான் நின்றது வலப்பக்கத்து மனையில். கால்முன்னால் மூடாத கழிவுநீர்க் குழி.

ஒரு செருப்பு உள்ளே விழுந்தது.

தொப்...

அவள் இல்லை.

ஓடினேன். அரபா அக்கா வீட்டில்தான் போய் விழுந்தேன். காலையில் அவள் மகன் என் வீட்டுச் சுவர் ஏறிக் குதித்தான். கேட் பூட்டியபடியே இருந்தது. சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. நான் எப்படி வெளியே போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூட்டை கட்டும்போது அக்கா கேட்டாள்: "கூப்பிட்டது நீயா, அவளா?"

"நான்தான்க்கா. எங்க பாஷையில பேசினா. யாரு அவ?"

"உனக்கு முன்னாடி இந்த வீட்ல ஒருத்தி இருந்தா. கினியா பிசாவ் நாட்டுக்காரி. அவளுக்கு எப்படி உன் பாஷை வரும்? எங்க பாஷையிலயே 'வாங்க சாப்பிடலாம்' ஒண்ணுதான் அவளுக்கு வரும். சாயங்காலமானா இங்க உக்காந்து போறவங்க வர்றவங்களையெல்லாம் கூப்பிடுவா. நாங்க நன்றின்னு சொல்லிட்டுப் போயிருவோம். ஒருத்தரும் உக்காரல."

"அப்புறம்?"

"அந்தக் குழியிலதான் கெடந்தா. சனிக்கிழமை தூக்கினாங்க. விழுந்து செத்து நாலு நாளாச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"பாவம்..." என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் இந்த வழியா வந்தேன், தங்கச்சி. இங்கதான் உக்காந்திருந்தா. என்னைச் சாப்பிடக் கூப்பிட்டா. நன்றின்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."