ஆட்டுத் தொட்டியில் இறங்கிய கரண்ட்

சங்கரன்கோவிலில் வீட்டோடு ஆடு வளர்க்கிறோம். அவை குடிக்கும் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும்படி நானே ஒரு சர்க்யூட் செய்தேன். டப்பா சின்னது என்பதால், டிரான்ஸ்பார்மர் இல்லாத, விரல் நீள பவர் சப்ளை போர்டு ஒன்றைக் கடையில் கேட்டேன்.

"இதுல வீட்டுக் கரண்டு நேரா வரும். தண்ணிப் பக்கம் வைக்காதிய அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

அதிலிருந்து வெளியே வருவது ஐந்து வோல்ட்தானே என்று அலட்சியமாக வாங்கி மாட்டினேன். மட்டம் பார்க்கும் கம்பியைத் தொட்டிக்குள் விட்டேன்.

மறுநாள் காலை, என் மனைவி செல்வி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த சினையாடு, தொட்டியில் வாய் வைத்ததும் விறைத்து விழுந்தது. செல்வி அதைத் தூக்க ஓடினாள்.

"ஏட்டி, தொடாத! கரண்டு!"

கத்திக்கொண்டே மெயின் சுவிட்சை அணைத்தேன். செல்வி தப்பினாள். ஆடு போய்விட்டது. அதன் வயிற்றில் கை வைத்தவள், "உள்ள குட்டி இன்னும் அசையுதே, பாருங்க" என்று அழுதாள். சற்று நேரத்தில் அந்த அசைவும் நின்றது.

இப்போது வீட்டுக் கரண்டை முழுதும் பிரித்து, தண்ணீர்ப் பக்கம் வராமல் தடுக்கும், டிரான்ஸ்பார்மர் உள்ள பவர் சப்ளைதான் வாங்குகிறேன். கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்சும் வைத்துவிட்டேன். ஆனாலும் செல்வி வாளியில்தான் ஆடுகளுக்குத் தண்ணீர் சுமக்கிறாள்.