சருகுக்குள் ஆறுமணிக்குருவி

அந்தக் குருவியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை இருந்ததா? இன்றுவரை பதில் தெரியவில்லை.

கல்லூரி நாட்களிலிருந்து பறவைகளைப் படம் எடுக்கிறேன். ஆறுமணிக்குருவி மட்டும் அகப்பட்டதில்லை. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும். விடியலிலும் அந்தியிலும் கூப்பிடும். மற்ற நேரமெல்லாம் புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். குரல் கேட்ட இடத்தில் போய்ப் பார்த்தால் இருக்காது.

மகள் பிறந்த பிறகு எதுவுமே எனக்குள் இறங்கவில்லை. குளிப்பாட்டினேன், பால் கொடுத்தேன், தடுப்பூசிக்கு அரூர் கூட்டிப் போனேன். கேமரா பீரோவில் கிடந்தது. என் கணவர்தான் கவனித்துவிட்டு, சித்தேரி மலையடிவாரத்து ஓடையில் அந்தக் குருவி கூப்பிடுகிறதாம், போகலாம் என்றார்.

"நம்ம வூட்டு மதில்ல தெனம் காக்கா வந்து உக்காருது. அதப் புடிச்சா போட்டோல உழாதா?" என்று மாமியார் சிரித்தார். பிறகு, "போய்ட்டு வா கண்ணு. பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஓடைக்கரையில் மூங்கிலும் உண்ணிச்செடியும் பின்னிக் கிடந்தன. கணவர் வண்டியருகே நின்றுகொண்டார். நான் புதருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கொசு கடித்தது, விரட்டவில்லை. அசையாமல் இருப்பது மட்டும் அப்போது எனக்குச் சுலபமாக வந்தது.

சருகு சலசலத்தது. பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. கேமராவின் ஃபோகஸ் முன்னாலிருந்த இலையையே பிடித்துக்கொண்டு விடவில்லை. லென்ஸ் வளையத்தைக் கையால் மெல்லத் திருப்பினேன். குருவியின் கண் தெளிந்தது. அப்போது இடுப்பில் போன் அதிர்ந்தது.

கேமராவை விட்டுப் போனை எடுத்துவிட்டேன். எல்லாம் மரத்துப் போனாலும், பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயம் மட்டும் மரத்துப் போகவில்லை.

மாமியார் ஒரு படம் அனுப்பியிருந்தார். மகள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது சருகுதான் இருந்தது. குருவி போனதில் வருத்தம் வரவில்லை. மகளைப் பார்த்ததில் சந்தோஷமும் வரவில்லை.

"கெடச்சுதா?" என்றார் வண்டியருகே நின்ற கணவர்.

"இல்லைங்க."

"உடு, அது எங்க போயிடப் போவுது."

வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமியார், "வெயில்ல வந்திருக்கற. சூட்டுப் பால பீச்சி உட்டுட்டு அப்பறம் குடு" என்றார். அப்படி ஒன்று உண்டா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குளியலறையில் நின்று பீச்சினேன். வெளியே மகள் எழுந்து அழுதாள். முன்பெல்லாம் அந்த அழுகைக்குக் கையாவது பதறும். அன்று பதறவில்லை.

கோடை வெயில் ஏறினால் குருவி வடக்கே திரும்பிவிடும். அதற்குள் இன்னொரு முறை போகலாம் என்கிறார் கணவர். குழந்தை பெற்ற பின் இப்படி இருந்து மீண்டவர்கள் யாராவது எழுதுங்கள். மறுபடியும் அந்தப் புதர் முன்னால் போய் உட்காரட்டுமா, இல்லை முதலில் டாக்டரிடம் போகட்டுமா? உங்களுக்கு எது முதலில் திரும்பி வந்தது?