கிரீட் காம்தாரை யார் காட்டிக்கொடுத்தது?

பெர்த் மைதானத்தில் முதல் பந்தைச் சந்திப்பதற்கு முன்பே கிரீட் காம்தாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் நடுவரிடம் கேட்டு, தரையில் கோடு கீறி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் லெக் பக்கம் இரண்டு பேர் நகர்ந்து நின்றிருந்தார்கள். ஒருவன் ஷார்ட் லெக்கில், மூக்குக்கு நேர் எதிரே. இன்னொருவன் கீப்பருக்குச் சற்றுத் தள்ளி. கேப்டன் கையைக் காட்டவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சினிமா கொட்டகையில் நம்பர் பார்த்து உட்காருகிற மாதிரி தானாகவே வந்து நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து விலாவைத் தேடி எழும்பி வந்தது. கிரீட்டின் இரண்டு கைகளும் மேலே போயின, தலை பின்னால் சாய்ந்தது, பந்து மட்டையின் தோளில் பட்டு ஷார்ட் லெக்காரன் கையில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது இன்னிங்ஸிலும் அதே பந்து, அதே ஆள். அடிலெய்டில் ஊர் மாறியது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதன்பிறகு அவருக்கு இந்திய அணியில் இடம் கிடைக்கவில்லை.

ராஜ்கோட்டில் இதை யாராலும் நம்ப முடியவில்லை. அங்கே காம்தார் மட்டை பிடித்தால் இரண்டு நாள் நிற்பார். "காம்தார் இறங்கியாச்சா? அப்ப கடையை மூடிட்டு மத்தியானத் தூக்கம் போட்டுட்டு நிதானமா வரலாம், நின்னுட்டுதான் இருப்பாரு" என்று மைதானத்துக்கு எதிரே காட்டியா என்கிற கடலைமாவுப் பலகாரம் பொரிக்கிற கடைக்காரர் சொல்வார். ரஞ்சி ஆட்டங்களில் இருநூறு என்பது அவருக்குப் பழக்கமான எண். அப்பேர்ப்பட்டவர் நான்கு இன்னிங்ஸில் நாற்பது ரன்கூட எடுக்காமல் திரும்பினால் என்ன அர்த்தம்?

யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பி வருகிற விமானத்திலேயே கிரீட் முடிவு கட்டிவிட்டார். ரஞ்சி ஆட்டத்தையெல்லாம் யாரும் படம் பிடிக்காத காலம் அது. ஆஸ்திரேலியாக்காரனுக்கு ராஜ்கோட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பிறகு எப்படி அந்த இரண்டு பேர் வந்து நின்றார்கள்?

சொன்னது யார் என்று தேட அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பிபின் ராஜ்யகுரு.

பிபின் கிரீட்டின் ரஞ்சி அணியில் விக்கெட் கீப்பர். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் ஆடியவர்கள். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு இரண்டாவது கீப்பராக பிபினும் வந்திருந்தார். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது பிபின் ஒரு பேச்சு எடுத்தார்.

"டேய் கிரீட், விலாவுக்கு வர்ற பந்துக்கு உன் கை ரெண்டும் மேல போகுதுடா. தலை பின்னால சாயுது. அங்க பந்து எழும்பும். கொஞ்சம் பாத்துக்கோ."

"போன வாரம்தான் இருநூத்தி பதினாலு அடிச்சேன். பாக்கலையா நீ?"

"பாத்தேன். ஸ்டம்புக்குப் பின்னால நின்னு உன்னைப் பாக்காத நாளே இல்லை. அதனாலதான் சொல்றேன்."

கிரீட் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் பெர்த்துக்குப் பிறகு அந்தப் பேச்சு அவர் மண்டையில் வேறு மாதிரி ஒலித்தது. இந்த விஷயத்தை அவரிடம் வாயைத் திறந்து சொன்ன ஒரே ஆள் பிபின். ஆகவே அது தெரிந்த ஒரே ஆளும் பிபின்தான். போதாததற்கு, பெர்த் ஆட்டத்துக்கு முந்தின விருந்தில் பிபின் அந்த ஊர்க் கீப்பரோடு மூலையில் நின்று சிரித்துப் பேசியதையும், ஒரு கட்டத்தில் முழங்கையை உயரத் தூக்கி எதையோ காட்டியதையும் கிரீட் தன் கண்ணால் பார்த்திருந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மனைவி ஹன்சாவிடம் மட்டும் சொன்னார். ஹன்சா மாவு பிசைந்துகொண்டே கேட்டார்: "காட்டிக்கொடுக்கிறவரு எதுக்குங்க முதல்ல உங்ககிட்டயே வந்து சொல்லணும்?"

"எனக்குத் தெரியுமா தெரியாதான்னு வேவு பாக்கத்தான்."

"அவருக்கு இதுல என்ன லாபம்? அவரு கீப்பரு, நீங்க மட்டைக்காரரு."

"ஒரே ஊர்லேர்ந்து ரெண்டு பேர் போனா ஒருத்தன்தான் நிலைப்பான். உனக்கு இதெல்லாம் புரியாது."

பிபினுக்கும் அதன்பிறகு இந்திய அணியில் இடம் கிடைக்கவில்லை என்பதை ஹன்சா எடுத்துச் சொன்னபோது, செய்த பாவம் சும்மா விடுமா என்றார் கிரீட்.

அவர் பிபினிடம் சண்டை போடவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்தினார். இருவரும் அதற்குப் பிறகும் பல வருடம் ஒரே அணியில் ஆடினார்கள். கிரீட் முதல் ஸ்லிப்பில் நிற்பார், பிபின் கை எட்டும் தூரத்தில் ஸ்டம்புக்குப் பின்னால். "அவனைக் கொஞ்சம் இடது பக்கம் நிக்கச் சொல்லு" என்று இரண்டாவது ஸ்லிப்காரனிடம் கிரீட் சொல்வார். அது பிபின் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் இரண்டாவது ஸ்லிப்காரன் திருப்பிச் சொல்லும்வரை பிபினும் நகரமாட்டார். வீடுகளுக்கு இடையே ஊறுகாய் ஜாடி போய்வருவதும் நின்றது. பிபினுடைய மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. கிரீட் போகவில்லை, ஹன்சாவையும் போகவிடவில்லை.

சந்தேகம் ஒருவரோடு நிற்கிற சரக்கா என்ன? பயிற்சியில் பந்து போடுகிறவர்கள், மேட்சுக்கு வந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிற பத்திரிகைக்காரர்கள், தேர்வுக்குழுவில் இருப்பவர்களின் மைத்துனர்கள் எல்லோரும் அவர் கண்ணில் உளவாளி ஆனார்கள். கூடாரத்தில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினால் மட்டையைத் துடைக்கிற சாக்கில் அருகே போய் நிற்பார். இதற்கிடையில் ரன்களும் குவிந்தன. ஒவ்வொரு இருநூறுக்கும் பிறகு அவருடைய சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது. இவ்வளவு அடிக்கிறவனை ஆட்டத்தால் வீழ்த்தியிருக்க முடியுமா?

ஆட்டத்தை விட்டு வெகுகாலம் கழித்து, பரோடாவில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டில் கிரீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அவினாஷ் ஷிதோளே. பரோடாவுக்கு மிதவேகப் பந்து போட்டவர், இப்போது தொந்தியும் மூட்டுவலியுமாக இருந்தார்.

"கிரீட்பாய், உங்க பேர்ல எங்க டீம்ல ஒரு பேச்சே இருந்தது, தெரியுமா? காம்தார் சலாம்."

"என்னது?"

ஷிதோளே இரண்டு கையையும் மூக்குக்கு நேரே உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார். "விலாவுக்குப் பந்து வந்தா நீங்க வைக்கிற சலாம்."

கிரீட்டின் கையிலிருந்த பூரி அப்படியே நின்றது. "இதை உங்களுக்கு யார் சொன்னா? பிபினா?"

"யார் சொல்லணும்? கண்ணு இல்லையா எங்களுக்கு? பம்பாய்க்காரனுக்குத் தெரியும், மகாராஷ்டிராக்காரனுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? நான் உயிரைக் கொடுத்து குத்தினாலும் பந்து உங்க தொடைக்குத்தான் வரும். உங்க ராஜ்கோட் பிட்ச்ல முட்டிக்கு வந்தாலே பெரிசு. உங்க விலா எங்களுக்கு எட்டவே இல்லையே, பாய்!"

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே."

"நல்லா இருக்கே! எதிர் டீம்காரன் வந்து சொல்வானா? உங்க ஆளுங்கதான் சொல்லியிருக்கணும்."

பிபின்தான் ஷிதோளேயைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கிறாரோ என்று ரயிலில் வரும்போது கிரீட்டுக்குத் தோன்றியது. ஊருக்கு வந்ததும் பழைய அணித் தோழர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஸ்லிப்பில் பல வருடம் நின்றவன்கூட, "நீ இருநூறு இருநூறா அடிச்சிட்டிருக்கே, உன்கிட்ட வந்து எவன் குறை சொல்வான்? அப்புறம் எங்களை டீம்ல இருக்க விடுவியா?" என்று சிரித்தான்.

கிரீட் போனை வைத்தார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். அதைத் தன் முகத்துக்கு நேரே சொன்னது ஒரே ஒருவன். அந்த ஒருவனைத்தான் இத்தனை வருடமும் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காட்டியாப் பொட்டலத்தோடு ஹன்சாவையும் கூட்டிக்கொண்டு பிபின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த பிபின் உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்: "ரேகா, முதல் ஸ்லிப் வந்திருக்காரு. டீ போடு." பிறகு ஹன்சாவிடம் மட்டும், "வாங்க அண்ணி" என்றார்.

டீ வந்தது. ரேகா கோப்பைகளை வைத்துவிட்டு உட்காராமல் சமையலறைக்குத் திரும்பினார். ஹன்சா தயங்கிப் பின்னாலேயே போனார்.

"நான் உன்னை என்ன நெனச்சேன்னு தெரியுமா?" என்றார் கிரீட்.

"ராஜ்கோட்டுக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்டா இல்லைன்னு சொல்லலை?"

"நீ கேட்டியா? ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காதவன்கிட்ட எதுக்கு நான் சத்தியம் பண்ணணும்?"

கிரீட் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பெர்த் விருந்துல அந்தக் கீப்பர்கிட்ட கையைத் தூக்கி என்ன காட்டினே?"

பிபின் யோசித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "அக்குள்ல கட்டிடா! வெயில்ல கிளம்பின கட்டி, கையை இறக்கவே முடியலை. அவனும் கீப்பராச்சே, இதுக்கு நீ என்ன மருந்து போடுவேன்னு கேட்டேன். அடப்பாவி, இதையா இத்தனை வருஷம் வச்சிருந்தே?"

"அப்ப அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நெட் பயிற்சில பத்து நிமிஷம் உன்னைப் பாத்தா தெரியாதா? அடுத்தவன் எங்க கோணுறான்னு பாக்கிறதுதான் அவங்க பொழப்பே. இங்க பாத்தாலும் பந்து எழும்பாதுன்னு விட்டுடுவான். அங்க ஒருத்தனும் விடமாட்டான்."

"நீ சொன்னதை நான் அப்பவே கேட்டிருந்தா மாத்தியிருக்க முடியுமா?"

"ஒரு வருஷம் தடுமாறியிருப்பே, டீமை விட்டுக்கூடப் போயிருப்பே. ரன் வந்துட்டிருக்கும்போது எவன்டா கையை மாத்துவான்? நானா இருந்தாலும் மாத்தியிருக்கமாட்டேன்."

உள்ளேயிருந்து ரேகாவின் குரல் உயர்ந்து கேட்டது. கல்யாணத்துக்கு வராததைப் பற்றித்தான். வெளியே வரும்போது ஹன்சாவின் கண் சிவந்திருந்தது. கையில் மட்டும் ஒரு சின்ன மாங்காய் ஊறுகாய் ஜாடி இருந்தது.

ஸ்கூட்டரைக் கிளப்பித் தெருமுனை வரை வந்ததும் கிரீட் வண்டியை மெதுவாக்கினார்.

"ஹன்சா, கட்டிங்கிறான். மருந்து கேட்டேங்கிறான். நம்பலாமா?"

"வண்டியைப் பாத்து ஓட்டுங்க."

"இல்லை, சும்மா கேட்டேன். டீமுக்குன்னு ஒரு டாக்டர் கூடவே வந்திருந்தாரே, அவரை விட்டுட்டு இவன் எதுக்கு அவன்கிட்ட போய்க் கேக்கணும்?"

ஹன்சா பின்னால் இருந்தபடியே அவர் முதுகில் ஒரு குத்து விட்டார். கிரீட் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

"சரி, அடுத்த ஞாயிறும் போவோம். இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்" என்றார்.