மோர் நிற சீட்டும் சந்தனக் கையும்

சரியாகப் பதினொன்று நாற்பது. டாஷ்போர்டில் பச்சை எண்களில் எரிந்துகொண்டிருந்தது. மூடிய கண்ணாடி வழியாகப் பார்த்ததால் நன்றாக நினைவிருக்கிறது.

'டக்' என்று ஒரு சத்தம். நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

உள்ளே என் ஐந்து வயது மகள் ஹாசினி. சாவியும் உள்ளே. இன்ஜின் ஓடுகிறது. வெளியே, திருமலை பார்க்கிங் மைதானத்தில், வெறுங்காலோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு நான்!

பயப்படாதீர்கள். ஹாசினி நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தன் பொம்மைக்கு மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நிறம்.

ஆறு மாதத்துக்கு முன் சித்தூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். சீட், கதவின் உள்பக்கம், கூரை எல்லாமே மோர் நிறம். விற்றவர் கதவைத் திறந்து காட்டி, "ராயல் லுக் சார்!" என்றார். ராயல்தான். ராஜாக்களுக்குத் துடைக்க ஆள் இருந்தது. எனக்கு?

முதல் வாரம், புது ஜீன்ஸ் போட்ட மச்சான் உட்கார்ந்து எழுந்த இடத்தில் நீலமாக அவருடைய அச்சு. இரண்டாவது வாரம் மழை. ஏர்பேடு பக்கம் போய் வந்ததில் மிதியடியெல்லாம் செம்மண். அப்புறம் மாம்பழ சீசன் வந்தது. சித்தூர் ஜில்லாவில் மாம்பழ சீசனில் மோர் நிற சீட் வைத்திருப்பவனை என்னவென்று சொல்வது?

பேக்கிங் சோடா போட்டேன். டூத் பேஸ்ட் தேய்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று ஷேவிங் கிரீம் பூசினேன். கறை போன இடம் மட்டும் தனியாக வெளுத்து, அதுவே ஒரு புதுக் கறை ஆயிற்று. கவர் போடலாமே என்கிறீர்களா? போட்டேன். மூன்றாம் நாள் என் மனைவி சுமதி கேட்டாள்: "அழகா கீதுன்னு வாங்கினீங்க. இப்ப மூடி வெச்சிக்கினா யாருக்குத் தெரியும்?" கழற்றிவிட்டேன்.

ஆகவே சட்டங்கள் போட்டேன். காரில் எதுவும் தின்னக்கூடாது. காலைக் கழுவிவிட்டுத்தான் ஏறவேண்டும். அழுக்குக் கையால் எதையும் தொடக்கூடாது. புத்தூரில் எங்கள் தெருவே சிரித்தது. "இன்னா சார், குளிச்சிட்டு ஏறணுமா, ஏறிட்டுக் குளிக்கணுமா?" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்பார். நான் கண்டுகொள்ளவில்லை. சட்டம் என்றால் சட்டம்.

இதை அப்படியே வேதமாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆள். ஹாசினி.

போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் இறங்காமல் கிடந்தபோது, மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தோம். அதற்காகத்தான் இந்தப் பயணம். மொட்டை ஆயிற்று, தரிசனமும் ஆயிற்று. வெளியே வந்ததும் வெயிலில் தலை காந்துகிறது என்று அவள் அழ, சுமதி மறுபடியும் சந்தனம் குழைத்துப் பூசினாள். கொஞ்சமாக அல்ல, கேக்குக்கு கிரீம் பூசுவது போல. "நீங்க கொழந்தைய இட்டுக்கினு காருக்குப் போங்க. நான் லட்டு வாங்கிக்கினு, கவுண்டர்ல குடுத்த என் போனையும் வாங்கிக்கினு வரேன்" என்று வரிசைக்குப் போய்விட்டாள்.

எனக்கு லட்டு ஞாபகமே இல்லை. அந்த மஞ்சள் மண்டை… என் மோர் நிற ஹெட்ரெஸ்ட்…

பின் சீட்டில் துண்டு விரித்தேன். ஹாசினியை நடுவில் உட்கார வைத்தேன். தலையைத் தடவித் தடவி அவள் இரண்டு கையும் மஞ்சள். "எதையும் தொடாத. கைய மேல தூக்கி வெச்சிக்கோ. ஏசில சந்தனம் காஞ்சதும் போலாம்" என்றேன். ஏசியைப் போட்டு, இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, சட்டப்படி என் காலைக் கழுவ ஆரம்பித்தேன்.

அவளுக்கு நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க ஆசை. கையைத் தூக்கியபடியே, எதையும் தொடாமல், முழங்காலாலும் முழங்கையாலும் முன் சீட்டுக்கு ஏறி வந்திருக்கிறாள். அந்த முழங்கைதான் கதவில் இருந்த லாக்கை உள்ளே தள்ளியது. தள்ள முழங்கை போதும். இழுக்க விரல் வேண்டும்.

கார் நின்ற இடம் சரிவு. கியர் நியூட்ரலில். ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல்தான் அவளுடைய ஒரு கால். சரிவுக்குக் கீழே மரத்தடியில் ஒரு குடும்பம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் போன் எங்கே? காருக்குள்.

"ஹாசி, அந்த லாக்க இழும்மா!"

"கை சந்தனமா கீது நைனா…" கண்ணாடிக்குப் பின்னால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"பரவால்ல, தொடு!"

"நீ திட்டுவ!"

"திட்டமாட்டேன்னு சொல்றேன் இல்ல!" என்று கத்தினேன். கண்ணாடியைக் குத்திக்கொண்டே கத்தினேன். நீங்களாக இருந்தால் நம்புவீர்களா?

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு வேனிலிருந்து இறங்கிய நாலு மொட்டைத் தலைகள், கேட்காமலே கல் தேடி வந்து சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்தை எழுப்பி விரட்டினார்கள். நகரியிலிருந்து வந்த ஒரு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா கொழந்தைய மெரட்டிக்கினு கீற? மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சா மாதிரி வெச்சிக்கினு சொல்லுய்யா!"

சிரித்தேன். ஹாசினி இன்னும் சத்தமாக அழுதாள்.

ஒரு காலை மாற்றி வைத்தாள். கார் முனகியது. நகர்ந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியாது.

"அத்தம் பகலகொட்டண்டி சார்!" என்று பார்க்கிங் காவலாளி ஒரு கல்லைக் கொண்டு வந்து என் கையில் திணித்தார். கண்ணாடியை உடைக்கச் சொல்கிறார். பின்பக்கக் கண்ணாடியை உடைத்தால் குழந்தைமேல் படாது. கல்லை ஓங்கினேன். அப்போது… இதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் இந்தப் பத்தியை எழுதுவதில் அர்த்தமே இல்லை. கண்ணாடித் தூள் சீட் துணிக்குள் இறங்கினால் எப்படி எடுப்பது என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரே ஒரு நொடி. கை நின்றது.

அந்த ஒரு நொடிக்குப் பிறகு நான் என்னைப் பார்த்துக் கூசிப்போனேன். உள்ளே ஒரு குழந்தை, அப்பன் திட்டுவானே என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கண்ணீர் வழிகிறது, அதைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் நிற்கிறது. இத்தனை பயத்தை நான் எப்போது அவளுக்குள் வைத்தேன்? ஒரே நாளில் அல்ல. ஒவ்வொரு கறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. பொருளைப் பாதுகாக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் பழக்குவது பொருளை அல்லவே!

மறுபடியும் கல்லை ஓங்கினேன். யாரோ பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

சுமதி. மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கையில் லட்டுப் பையோடு. என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. மகளுடைய கைகளைப் பார்த்தாள், என் மூஞ்சியைப் பார்த்தாள். அவ்வளவுதான். பையை பானட்மேல் வைத்துவிட்டு, கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து, சாதாரணமாகச் சொன்னாள்:

"ஹாசி கண்ணு… ரெண்டு கையையும் அந்த சீட்டுலயே நல்லா அழுத்தித் தொடச்சிக்கோ. அப்புறம் லாக்க இழு. நைனாவ நான் பாத்துக்கறேன்."